ஏழாவது கட்டம்

குளிர்பெட்டிக் கதவின் விளிம்பில்
ஓடுமே ஒரு ரப்பர் பட்டை,
அதைப் பதினாறு வருஷம் வெட்டியவர் மெர்ல் டாக்கெட்.
டொலிடோ நகரத்தில் யார் வீட்டுச் சமையலறையிலும்
கதவு 'பொத்' என்று ஒட்டிக்கொள்ளும்போது
நம் கைப்பட்டதோ என்று ஒரு கணம் காதைக் கொடுப்பார்.
ஆலையை மூடிய அன்று அந்தச் சத்தம்கூட இல்லை.
நேரம் குத்தும் இயந்திரம்
அவர் அட்டையை வெளியே துப்பியது,
அவ்வளவுதான்.

நவம்பரில் வேலை போனது.
ஜனவரியில் வீடு.
நடுவில் டிசம்பர் என்று ஒன்று இருந்தது,
ஒத்தாசைக்கு வரவில்லை.

போனில் அரசாங்கம் பியானோ வாசிக்கிறது.
உங்களுக்கு முன்னால் அறுபத்திரண்டு பேர்.
காசு போட்டு வாங்கிய நிமிஷங்கள்
காதோரம் கரைகின்றன.
முப்பத்தொன்று.
பதினெட்டு.
நான்காவது ஆளாக நின்றபோது
பியானோ நின்றது. காசு தீர்ந்திருந்தது.

மறுநாள் நேரில் போனார்.
நாற்காலிகளைத் தரையோடு முடுக்கி வைத்திருந்தார்கள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒடெஸ்ஸா,
கட்டைவிரலில் பிளாஸ்திரி, பாதி குடித்த காபி.
வருமானம் இல்லை என்பதற்குச் சான்று கேட்டாள்.
"இல்லாததை எப்படிக் காட்டுவது?"
"இல்லை என்று யாராவது எழுதிக் கொடுக்கட்டும்."

ஏழாவது கட்டம்:
நேற்றிரவு எங்கே தூங்கினீர்கள்?

தங்கை டார்லீன் வீட்டு சோபாவில்.
மகள் ஜோஸியும் அதே சோபாவில்,
இவர் கால்மாட்டில் அவள் தலை.
"அப்படியானால் தங்கையிடம் ஒரு கடிதம்."

டார்லீனின் வாடகை ஒப்பந்தம் சொல்கிறது:
விருந்தாளி பதினான்கு இரவுக்கு மேல் கூடாது.
ஆகிவிட்டது முப்பத்துமூன்று.
எழுதினால் அண்ணனுக்குச் சோறு,
அதே தாளில் தங்கைக்குத் தெரு.
அவள் பேனா மூடியைக் கழற்றினாள், மூடினாள்,
மறுபடி கழற்றினாள்.
"எழுதறேன்" என்றாள்.
போதும், அதைக் கேட்டாயிற்று.
அன்றிரவே போர்வைகளைக் காரில் ஏற்றினார் மெர்ல்.

மறுபடி ஏழாவது கட்டம். இம்முறை நிஜமாகவே:
கார். சாம்பல் நிறம். லைப்ரரிக்குப் பின்னால்,
மூன்றாம் விளக்குக் கம்பம்.

நான் எழுதும் மொழியில்
'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தால்
முதலில் ஓர் 'இல்' வந்து நிற்கும்.
மெர்லின் மொழியில் அந்த வசதி கிடையாது.
அவருக்குக் கிடைத்தது ஒரு கட்டம்,
கட்டத்துக்கு வெளியே வழிந்த எழுத்து.

ஒடெஸ்ஸா இரண்டு முறை படித்தாள்.
முகவரிக் கோட்டில்
அந்த அலுவலகத்தின் முகவரியையே எழுதினாள்.
"தபால் இங்கே வரட்டும். வியாழன்தோறும் வந்து கேளுங்கள்."
அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பதினோரு நாளில் அட்டை வந்தது,
டாக்கெட் டாக்கர்ட் ஆகியிருந்தார்.
ஜோஸி கடை முழுக்க
ஒரே வாசனையை நோக்கி இழுத்துப்போனாள்:
கம்பியில் சுழலும் கோழி,
தோல் பொன்னாகி, எண்ணெய் சொட்டச் சொட்ட.
இயந்திரம் சிவப்பு காட்டியது.
சூடான உணவுக்கு இந்த அட்டை செல்லாது.
வீட்டில் அடுப்பு உள்ளவர்களை நினைத்து
யாரோ எழுதிய விதி.

கல்லாப் பையன் தாடையால் மூலையைக் காட்டினான்.
அங்கே நேற்றைய கோழி. அதே கம்பி, அதே பொன்,
ஆறி, ஒட்டுத்தாள் மாற்றி,
கண்ணாடிக் கதவுக்குள்.
மெர்ல் இழுத்தார். கதவு வரவில்லை.
இன்னும் கொஞ்சம் இழுத்தார்,
பிடியை விடாமல் விட்டது.
"நல்ல பட்டை" என்றார் யாருக்கும் கேட்காமல்.

பெட்ரோல் முள் சிவப்பில் படுத்திருந்தது.
இருந்தும் லைப்ரரியை இன்னும் இரண்டு சுற்று.
பிறகு கம்பத்தடியில் நிறுத்தி,
வெதுவெதுத்த பானெட்டின் மேல்
வெள்ளித்தாளோடு கோழியைக் கிடத்தினார்கள்.
பனி பெய்யலாமா வேண்டாமா என்று
யோசித்துக்கொண்டிருந்தது.

ஜோஸி கையுறையைக் கழற்றி
ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் ஆச்சு அப்பா.
திருப்பிப் போடு."