கழற்றாத பல்பு

மெயின் சுவிட்சைக் கீழே தட்டினேன்.
அதே நொடி சுவருக்கு அந்தப் பக்கம்
ஒரு பிள்ளை "ச்சே" என்றது.
அதை நான் அப்போது கணக்கில் எடுக்கவில்லை.
பொகவந்தலாவையில் கரண்ட் போவதும்
பிள்ளைகள் சலித்துக்கொள்வதும் புதிதல்ல.

செல்லமேரி அக்காவின் காம்பராவில்
மூன்று வாரமாக ட்ரிப் சுவிட்ச் விழுகிறது.
பகலில் இல்லை, வெயிலில் இல்லை.
பின்னேரம் ஐந்துக்குப் பனி இறங்கித்
தேயிலைத் தூரெல்லாம் மறைந்த பிறகு
டக்கென்று.
"பக்கத்துக் காம்பராக்காரி வச்ச செய்வினை" என்றார்.
"பேசி மூணு வருசமாச்சு அவளோட.
கோழி விசயம்."

பனி வரும் நேரமாகவே போனேன்.
ஈரத்தை ஈரத்தில்தான் பிடிக்கலாம்.

கழற்ற அதிகம் இருக்கவில்லை.
டிவி, போன் சார்ஜர், சோற்றுக் குக்கர்,
மாதா படத்தடியில் எரியும் சிவப்பு பல்பு,
இஸ்தோப்பில் ஒன்று, அடுப்படியில் ஒன்று,
நடுக்காம்பராவில் ஒன்று.
நாலையும் ஒரு சட்டிக்குள் போட்டேன்.
வயர் செத்ததுதானா என்று இரண்டாம் தரமும் பார்த்தேன்.
பிறகு மெகர்.
ஐந்நூறு வோல்ட்,
வீட்டுக்கு வருவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.
நல்ல உறையானால் அதையும் தாங்கிக்கொண்டு
வாயே திறக்காது.

லைவுக்கும் எர்த்துக்கும் பூச்சியம் தசம் ஒன்று எட்டு.
ஒரு மெகாஓமாவது வேண்டும்.
நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அதே கதை.
லைவுக்கும் நியூட்ரலுக்கும்
பூச்சியம்.
வெறும் பூச்சியம்.

எங்கேயோ ஒரு பல்பு இன்னும் மாட்டியிருக்கிறது.

சட்டியை எண்ணினேன். நாலு.
கூரையைப் பார்த்தேன். தகரமும் புகைக்கரியும்.
"அக்கா, இன்னொரு லைட் எங்க?"
"இல்லியே தம்பி."
பொத்தானை மறுபடி அழுத்தினேன்.
"இருக்கு அக்கா."

அவர் மாதாவைப் பார்த்தார்.
அடுப்பைப் பார்த்தார்.
அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு
சுவரில் மூன்று தரம் தட்டினார்.

அந்தப் பக்கம் பெஞ்சு இழுபடும் சத்தம்.
"இருட்டுல விழுந்துறாத" என்று ஒரு குரல்.
என் கையில் பூச்சியம் எழுந்து
நாற்பது, அறுபது என்று ஏறி நின்றது.

எர்த்து மட்டும் இன்னும் ஏறவில்லை.

அலுமாரியை நகர்த்தினோம்.
கருங்கல்லும் சுண்ணாம்பும் ஊறிய சுவரில்
விரல் நுழையும் ஓட்டை.
அதற்குள் பைப்பும் இல்லாமல் பெல் வயர்.
உறை வெடித்து, செம்பில் பச்சை பூத்திருந்தது.

"அவ மக ஓ லெவல் எடுக்குது" என்றார், வயரிடம் சொல்வதுபோல.
"பில்லு கட்டலன்னு மாசியில கட் பண்ணிட்டுப் போய்ட்டானுங்க.
கோழிய என்ன, அந்தப் புள்ளையா கொன்னிச்சு?"

வெட்டினேன்.
கழுவிய கையோடு அந்தப் பிள்ளை ஒருநாள்
அந்தச் சுவரில் சாய்ந்திருக்கும்.
ட்ரிப் சுவிட்ச் மூன்று வாரமாகச் சொன்னது அதைத்தான்.
நுனிகளை டேப் சுற்றி மூடி மறுபடி அளந்தேன்.
எண்பத்தைந்து.
கடதாசியில் காரணம் என்ற இடத்தில்
சுவரில் ஈரம் என்று எழுதினேன்.
பொய்யில்லை.

வெளியே வந்தால் பனி படிவரைக்கும்.
பக்கத்துக் காம்பராவின் புஷ்பகாந்தி
பிளேன்ரீயும் உள்ளங்கையில் சீனியுமாக நின்றார்.
ஒன்றும் கேட்கவில்லை.
அவருக்குப் பின்னால் போன் டோர்ச் வெளிச்சத்தில்
ஒரு சடை குனிந்து அட்சரகணிதம் செய்துகொண்டிருந்தது.
நின்றபடியே குடித்தேன்.
நன்றியா கோபமா,
சாயம் மட்டும் கடுமை.

"தம்பி" என்றார் செல்லமேரி தன் இஸ்தோப்பிலிருந்து,
எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு,
"சட்டப்படி பைப்புல போட்டா எத்தன அடி வேணும்?"

"ஆறடி போதும்னு சொல்லுங்க தம்பி"
என்றார் புஷ்பகாந்தி, அதே மலையைப் பார்த்துக்கொண்டு.

"மீட்டர் இல்லாம தம்பி போடாதாம்னு சொல்லுங்க."

"கட்டுற காச வர்ற சம்பளத்துல கட்டுறன்னு சொல்லுங்க."

"பாதிய நான் தாறன்னு சொல்லுங்க."

இருவருக்கும் நடுவில், கையில் வெறும் கோப்பையோடு
நின்றுகொண்டிருந்தேன்.
நாலடியே போதும்.
நான் வாயே திறக்கவில்லை.