ஒன்பதின் குழல்

முதலில் காற்று போக வேண்டும்.
சிலிண்டரைத் தளர்த்திவிட்டு
மணலைப் பார்த்து இரண்டு முறை.
டப். டப்.
மூன்றாவதற்கு விசை சும்மா சொடுக்கினால்
இனி அது துப்பாக்கி இல்லை,
கழுவ வேண்டிய பாத்திரம்.

அரியமான் கரையில், சவுக்குத் தோப்புக்குப் பின்னால்
பன்னிரண்டு வைத்திருக்கிறோம்.
இபுராம்சா அண்ணன் முதலாளி. நான் கழுவுகிறவள்.
தடைக்காலம் அறுபத்தொரு நாளும்
ஜெனிஸ்டன் ஓடுகிறவன்.
ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தால் ஆளைச் சுடலாம்
என்று பலகையில் எழுதியிருக்கிறது.
அந்த ஆள் அவன்.
உடைந்த வல்லத்தின் பலகை, டயர், நீல டிரம்,
இவற்றுக்கு நடுவே தலைக்கவசத்தோடு
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு,
விசைப்படகு கிளம்பும் நாள்வரை.

குழலைத் திருகுகிறேன். மரையில் மணல் நறநறக்கிறது.
கச்சான் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை.
துணி சுற்றிய கம்பியை விட்டு இழுத்தால்
மஞ்சள்,
அப்புறம் மஞ்சளும் நீலமும் குழம்பிய பாசி நிறம்,
ஊறிய ஜவ்வரிசி மாதிரி குண்டின் தோல்.
ஐஸ் இல்லாத மீன்பெட்டியில் மூடி வைத்தாலும்
இந்த ஈரத்தில் குண்டுகள் ஊதி
குழலுக்குள்ளேயே உடைகின்றன.
சாயம் இனிக்கும்போல, எறும்பு வருகிறது.
ஜெனிஸ்டன் வாயில் ஒருமுறை தெறித்தது.
காய்ச்சல் மருந்து ருசி என்றான்.

ஆணியை உருவினால் போல்ட், சுத்தியல், ஸ்பிரிங்.
ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே எடுக்க வேண்டும்.
போன மாதம் ஒன்று பறந்தது;
கோதுமைச் சல்லடையில் கடற்கரையைச் சலித்தேன்,
மதியம் முழுக்க.

கறுப்பு வளையங்கள் ஐந்து. காற்றைப் பிடித்துவைப்பவை.
பழைய பல் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர்,
அதற்கென்று வந்த எண்ணெய் ஒரு சொட்டு.
தையல் மெஷின் எண்ணெய் போட்டு
எல்லாம் உளுந்துவடையாக உப்பிய அன்றைக்கு
இபுராம்சா அண்ணன் என்னோடு பேசவில்லை.
மறுநாளும்.

கழுவுகிறவளுக்குத்தான் தெரியும்
ஒவ்வொன்றின் குணமும்.
இரண்டு இருமும்.
ஆறுக்கு விசை கனம்.
ஒன்பதை ஊன்றிக்கொண்டு
எவனோ ஒரு கல்லூரிப் பையன் மண்மேட்டில் ஏறினான்,
அதிலிருந்து அதன் குழல் இடது பக்கம் தள்ளுகிறது.
நாலு நேர். பார்த்த இடத்தில் படும்.

இன்று நாலு ஒரு மதுரைக்காரர் கையில் இருந்தது.
கண்ணாடி போட்டவர், அவசரப்படாதவர்.
ஜெனிஸ்டன் கையைத் தூக்கிய பிறகு
இரண்டு.
விசில் ஊதிய பிறகு
ஒன்று,
கழுத்தில், கவசமும் சட்டையும் சேராத இடத்தில்.
விளையாட்டுதானே தம்பி என்று நூறு ரூபாய் நீட்டினார்.
நாளைக்கும் நாலுதான் வேண்டுமாம்,
முன்பணம் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

கழுத்தில் ஒரு நாவல் பழம்.
கடல் தண்ணீரால் ஒற்றிக்கொண்டு வந்து
என் எதிரே உட்கார்ந்தான்.
"கடல்ல கேட்ட சத்தத்துக்கு இதெல்லாம் என்னக்கா."
நான் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை.
பிரஷ் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

குழல்களில் ஒரு வசதி,
பன்னிரண்டுக்கும் ஒரே மரை.
நாலின் குழலை ஒன்பதில் திருகினேன்.
ஒன்பதின் குழலை
நாலில்.
அட்டையை நட்டுச் சுட்டுப் பார்த்தேன்.
ஒரு முழம் தள்ளி, சவுக்கு மரத்தில்
மஞ்சள் வழிந்தது.
பதிவேட்டில் எழுதினேன்: நாலு, சுத்தம்.

அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.
"யக்கா, அவரு எனக்கு நேரா நிப்பாரு.
அவருக்கு இடதுன்னா எனக்கு எந்தப் பக்கம்?"

சட்டென்று வரவில்லை.
எழுந்து, கடலைப் பார்த்து நின்று,
எண்ணெய்க் கை இரண்டையும் நீட்டி,
திரும்பி நின்று,
மறுபடி நீட்டி,

"உனக்குச் சோத்தாங்கைப் பக்கம்.
அந்தப் பக்கம் மட்டும் ஓடாதே."