மைனஸ் முப்பத்தொன்றில்

உதவித்தொகை வந்தபோது நான் வாழ்த்தவில்லை.
டாக்டர் நர்மந்தாக் பெருவில் இருந்த மூன்று மாதமும்
அவளுடைய இரவுப் பணி என் தலையில்.
மலேரியாவே இல்லாத ஊலான்பாத்தரில்
மலேரியா படித்து என்ன கிழிப்பாள் என்று
கேண்டீனில் சிரித்தோம்.

இக்கிட்டோஸிலிருந்து ஒரு படம் அனுப்பினாள்:
வியர்வையில் ஒட்டிய சட்டைகள், வரிசையாய் நுண்ணோக்கிகள்,
கானாக்காரி ஒருத்தி, பிஜிக்காரர் ஒருவர்,
கடித்த வாழைப்பழத்தோடு ஒரு பெய்ஜிங் டாக்டர்.

ஜனவரி.
நிலக்கரிப் புகைக்குள்ளிருந்து
ஒரு சிப்பாயைத் தூக்கி வந்தார்கள்.
பல் கிட்டும் நடுக்கம்.
ஃப்ளூ என்று எழுதினோம்.
இந்தக் குளிரில் யார்தான் நடுங்கவில்லை?

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.
“எங்கே போயிருந்தாய்?”
அவ்வளவுதான் கேட்டாள்.

தெற்கு சூடான். அமைதிப்படை.
திரும்பிப் பதினெட்டு நாள்.
மாத்திரையா? வீடு வந்ததும் நிறுத்திவிட்டேனே.

விரல் நுனியில் ஒரு குத்து.
கண்ணாடித் துண்டில் சாயம் ஊற்றியவன் நான்தான்.
சிவப்பணுக்களுக்குள்
மோதிரம் மோதிரமாய்.
இருபது வருடம் இதே நாற்காலி,
ஒருநாளும் வராத விருந்தாளி.

ஊசிமருந்து ஊரில் எங்கும் இல்லை.
நள்ளிரவில் அவள் போனில் பேசியது
அந்த வாழைப்பழக்காரரிடம்.
காலை விமானத்தில் வந்து இறங்கியது
பஞ்சு சுற்றிய சிறு பெட்டி.

நான்காம் நாள் சிப்பாய் சூப் கேட்டான்,
உப்பு போதவில்லை என்று சண்டையும் போட்டான்.

அடுத்த ஆண்டு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன.
ஆய்வகக்காரர்களுக்கும் உண்டா என்று
அவளிடம் கேட்க வேண்டும்.
கேண்டீனில் வேண்டாம்.