பதினேழாம் பக்கம்

ஆண்டறிக்கையில் பதினேழாம் பக்கம் என் பொறுப்பு.
"எங்கள் பொறுப்பு" என்று தலைப்பு மட்டும் அச்சாகி
கீழே வெள்ளையாக வந்திருக்கிறது.
முந்நூறு சொல், வெள்ளிக்கிழமைக்குள்.
படம் முடிவாகிவிட்டது:
ஆற்றில் ஒரு நாரை.

நான் கஸ்தோதியா பெனேடு.
செக்கெய்ரா சாயப்பட்டறையில் இருபத்தாறு வருடமாய்க் கணக்கு.
போர்ச்சுகலின் வடக்கே, மலைக்கு இந்தப் பக்கம்,
தோர்னா ஆறு எங்கள் பின்சுவரை உரசிப் போகிறது.

ஸ்பெயின்காரன் என்ன நிறம் கேட்டிருக்கிறான் என்பதை
அந்நாளில் பாலத்தில் நின்றே சொல்லிவிடலாம்.
திங்கள் கருநீலம். புதன் ஒயின் சிவப்பு.
பள்ளிப் பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள்,
தோற்றவன் மிட்டாய் வாங்க வேண்டும்.
தண்ணீர் நிறம் என்று
ஒருத்தனும் பந்தயம் கட்டியதில்லை.

அபராதம் வந்தது, கட்டினோம்.
மறுபடி வந்தது. "இதரச் செலவுகள்" என்று எழுதினேன்.
மின்சாரத்துக்கும் கிறிஸ்துமஸ் மீன்விருந்துக்கும் நடுவே
அதற்கென்று ஒரு வரி பழகிப்போனது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நாங்கள் போட்டோம்.

அளந்தது ஒரு கோபத்தில்.
கேஸ் விலை ஏறிய குளிர்காலம்,
சம்பளம் போடக் கடன் வாங்கிய மாதம்.
சிகரெட் பிடிக்க வெளியே போனவள்
கழிவுக்குழாய் வாயில் ஆவி எழக் கண்டேன்.
கரையெல்லாம் உறைபனி. அங்கே மட்டும் பச்சைப்புல்.
புல்லின் மேல் ஏழு பூனைகள் குளிர்காய்ந்தன.
கொழுத்த பூனைகள்.
யார் காசில், என்று தோன்றியது.

சமையல் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன்.
அறுபத்தொன்பது டிகிரி.
சுவருக்கு உள்ளே பாய்லர்
எட்டு டிகிரி ஆற்றுநீரை எழுபதாக்க
எரிந்துகொண்டிருந்தது.

விடிய விடியக் கணக்குப் போட்டேன்.
சூடு. உப்பு. துணியில் ஏறாமல் போன சாயம்.
காலையில் முதலாளி அபீலியோ தாளை இரண்டு முறை படித்தார்.
மூன்றாம் முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.
"வருடத்துக்கு ஒரு வீடு
ஆற்றில் விட்டிருக்கிறேன்" என்றார்.

எங்களுக்கு வந்த ஞானம் அவ்வளவுதான்.

வெப்பமாற்றி வந்தது. வடிகட்டி வந்தது.
சாயமேஸ்திரி ஸெஃபெரீனோ முனகிக்கொண்டே
நாற்பது நிறங்களின் அளவுகளைத் திருத்தி எழுதினார்.
நான்கு வருடத்தில் கடன் தீர்ந்தது.
ஐந்தாம் வருடம் ஸ்வீடனிலிருந்து இருவர்,
கழுவிக் காயவைத்த முகங்களோடு வந்து
மீட்டருக்கு முப்பது சென்ட் கூடுதல் என்றார்கள்.
அன்றுதான் அபீலியோ
"நம் ஆறு" என்று சொல்லிக் கேட்டேன்.

நான் சிரிக்கவில்லை.
லாபத்துக்கு வந்த தண்ணீரும் தெளிவாகத்தான் ஓடுகிறது.
நாரை நோக்கம் கேட்பதில்லை,
மீன் இருக்கிறதா என்று பார்க்கிறது.

ஆனால் பாலத்துக்குக் கீழே இடலீனாவின் கிணறு.
இன்றும் வாளியில் லேசாக ஒரு ரோஸ்.
முட்டைக்கோஸுக்கு அதை ஊற்ற மாட்டாள்.
தெருமுனைக் குழாயிலிருந்து தூக்கி வருகிறாள்,
அறுபத்திமூன்று வயதில், இரண்டு கேன்.
அதைச் சரிசெய்தால்
எந்த ஸ்வீடன்காரனும் சென்ட் தரமாட்டான்.
கேட்டுப் பார்த்தேன்.
"அதில் நமக்கு என்ன வரும், கஸ்தோதியா?"
என்றார் அபீலியோ. கோபமாகக்கூட அல்ல.
நான் கற்றுக்கொடுத்த கேள்வி அது.

வெள்ளிக்கிழமை மதியம்.
படம் இருந்த இடத்தில் படம் இருக்கட்டும்.
அதன் கீழே எழுதுகிறேன்:
"நாங்கள் ஆற்றை நேசிக்கவில்லை. அளந்தோம்.
அளந்தபின் கொட்ட மனம் வரவில்லை."
பிறகு ஒரு கோடு போட்டு,
செலுத்த வேண்டியவை:
இடலீனா, கிணறு ஒன்று, முப்பது வருடம்.
தொகை மட்டும் பென்சிலில்.
அச்சுக்குப் போகுமுன் அழித்துவிடுவார்கள்.
பேரேட்டில் மையில் எழுதிவிட்டேன்.

வெளியே, புல் உறைந்த குழாயடியில்
ஏழில் இரண்டு பூனைகள் இன்னும் வந்து உட்கார்ந்து
சூடு எங்கே என்பதுபோல் என்னைப் பார்க்கின்றன.