முதல் பந்தி

தலைக்குத் தண்ணீர் ஊற்ற
சவுனாவில் கண்ணை மூடினேன்.
தரை எங்கோ போய்விட்டது.
விழுந்த பிறகுதான் புரிந்தது,
இத்தனை வாரமாய்ப் பாதங்களுக்குப் பதில்
கண்கள்தான் நடந்திருக்கின்றன.

வில்ப்பு ஓடிவந்து தூக்கினான்.
"சூடு அதிகமோ?"
எதற்கும் அவனுக்குச் சூடோ குளிரோதான் காரணம்.

கம்பளிக் காலுறைக்குள் எறும்பு ஊரும்;
கழற்றி உதறினால் ஒன்றும் உதிராது.
நாக்கு வழுவழுத்துச் சிவந்து
ரை ரொட்டியின் ஓரம் பட்டாலே எரியும்.
கூட்டுறவுக் கடையில் ஹில்லேவி
மாவை நிறுத்துக்கொண்டே சொன்னாள்:
"மூன்று ஆளுக்கு வாங்கிப் போகிறாய்,
அரை ஆளாய்த் திரும்பி வருகிறாய்."

சாப்பிட்டேன், அதில் குறையில்லை.
பிப்ரவரியில் ஏரியின் பனிக்கட்டியைத் துளைத்து
வில்ப்பு இழுத்த மாதே மீனின் வயிற்றில்
இரு கையிலும் கொள்ளாத சினை.
வெங்காயம் அரிந்து, உப்புத் தூவி,
அடுப்பையே காட்டாமல்
மரக்கரண்டியால் அள்ளினோம்.
ஏரியைச் சுற்றி எல்லா வீட்டிலும்
குளிர்காலம் அப்படித்தான் ருசிக்கும்.

யோயென்சூ ஆஸ்பத்திரியில் டாக்டர் ரவ்டியோ
கண்ணிமையை இழுத்துப் பார்த்து
ஒன்றே ஒன்று கேட்டார்:
"பச்சைச் சினையா?"

பெரணிச் சாறு. பேதி. எனாமல் வாளி.
நர்ஸ் அதை இரண்டு குச்சிகளில்
பாவு நூல் போலச் சுற்றினாள்.
"ஏழு மீட்டர் இருபது."
"தலை?"
"இருக்கிறது."
அப்போதுதான் டாக்டர் உட்கார்ந்தார்.

என் காய்ச்சல் அட்டையின் பின்புறம்
பென்சிலால் ஒரு குடல் வரைந்தார்.
மீனும் இறைச்சியும் வயிற்றின் புளிப்பில் அவிழும்போது
கண்ணுக்குத் தெரியாத ஒன்று தனியாகிறதாம்:
பி பன்னிரண்டு.
அதே குடும்பத்தில் மற்றவர்கள்,
ரொட்டியைச் சூடாக மாற்றுகிறவர்களும்
தோலைப் பழுதுபார்க்கிறவர்களும்
மேல் வாசலிலேயே இறங்கிவிடுவார்கள்.
இதற்கு மட்டும் வழித்துணை வேண்டும்.
துணையை வயிறே அனுப்புகிறது.
கைபிடித்து, வளைவு வளைவாய்,
சிறுகுடலின் கடைசி முடுக்கு வரை.
கதவு அங்கேதான்.

நடுவழியில் பந்தி விரித்து
உட்கார்ந்திருக்கிறது அது.
வாய் கிடையாது, வயிறு கிடையாது,
உடம்பு முழுக்கப் பசி.
நான் பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறேன்.
முதல் பந்தி அதற்கு.
கழுவாத தட்டு என் ரத்தத்துக்கு.

ஊசிமருந்து நெல்லிச்சிவப்பு இல்லை,
லிங்கன்பெரிச் சிவப்பு.
"கோபால்ட்" என்றார்.
என் காப்பிக் கோப்பையின் நீலமும் அதுதானாம்.
ஒரு கடுகை ஆயிரமாய் உடைத்தால்
அதில் ஒரு துண்டு
ஒரு நாள் முழுக்கக் காணுமாம் ஒரு ஆளுக்கு.
அந்தத் துண்டுக்காகவா தரையை இழந்தேன்?

ஆறாம் நாள் காலைக் கஞ்சியில்
யாரோ உப்புப் போட்டிருந்தார்கள்.
இல்லை, தினமும் போட்டிருக்கிறார்கள்.

வில்ப்புவையும் சோதித்தார்கள்.
அவனுக்குள் மூன்று.
தும்மல்கூட வந்ததில்லை அவனுக்கு.
சில வீடுகள் அப்படி;
எத்தனை விருந்தாளி வந்தாலும் அரிசிப்பானை அதிராது
என்பதுபோல, அவன் குடல்.
வாளியைப் பார்த்துவிட்டு வெளியே போனான்,
நெடுநேரம் புகைபிடித்தான்.

பனி உருகியதும்
ஏரிக்கரையில் இருந்த கழிப்பறையைப்
பலகை பலகையாய்ப் பிரித்து
பிர்ச் மரங்களுக்கு அப்பால் மேட்டில் கட்டினான்.
ஏன் என்று அவன் சொல்லவில்லை.
நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த பிப்ரவரி, சினை வாணலியில் வெடித்தது.
நாய்க்கும் வேகவைத்துத்தான்.
வில்ப்பு ஒரு வாய் தின்று
"ரப்பர்" என்றான்,
மறுபடி நீட்டினான் தட்டை.

இன்று சவுனாவில்
ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு
கண்ணை மூடினேன்.
தரை இருந்தது.
இடது கட்டைவிரல் மட்டும்
எங்கே, எங்கே என்று
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.