உதடில்லாத பதினொரு நிமிடம்

உலான்பாத்தரில் மைனஸ் முப்பத்தொன்று.
ஹீட்டர் முனகும் மூன்றாம் மாடி அறையில்
ஸாருல் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள்.

கிளாப் அடிக்க மறந்திருக்கிறார்கள்.
பரவாயில்லை, துல்மா அடுப்புக் கதவைச் சாத்துகிறாள்:
இரும்பு இரும்பைத் தொடும் ஃபிரேமின்மேல்
ஈட்டியாய் எழும் ஒலிக்கோட்டை
இழுத்து வைத்தாயிற்று.

நிலைக்கவில்லை.
குளிரில் கேமராவின் கடிகாரம் ஒரு கணக்கு,
ரெக்கார்டருக்கு வேறு கணக்கு.
நாற்பதாவது நிமிடத்தில்
“பனி பிளந்தது” என்று காதில் விழுந்த பிறகே
வாய் திறக்கிறது.
லாரியோடு ஏரிக்குள் போன கணவன்
ஏழு ஃபிரேம் முன்னதாகவே மூழ்கிவிடுகிறான்.

அவள் மூக்கைத் துடைக்கும் இடம்,
தேநீர் உறிஞ்சும் இடம்,
பேசாத இடங்களில்தான் கத்தி வைக்கலாம்.
வெட்டி, நகர்த்தி, வெட்டி, நகர்த்தி
சொல்லை வாய்க்குள் திருப்பி வைக்கிறாள் ஸாருல்.
மணி இரண்டே கால்.

பிறகு படம் கருப்பு. பேட்டரி உறைந்துவிட்டது.
ரெக்கார்டரை யாரும் நிறுத்தவில்லை.

“நின்னுடுச்சா அது?”
கரண்டிச் சத்தம்.
“ஏரி ஒண்ணும் விழுங்கலை அவனை.
எர்தெனெத்துல இருக்கான். ரெண்டு பிள்ளைங்க.
போன மாசம்கூடப் பணம் அனுப்பினான்.
தேநீர்ல இன்னும் உப்புப் போடவா?”

ஸாருல் பின்னால் தள்ளி மறுபடி கேட்கிறாள்.
பொருத்துவதற்கு உதடில்லை.

மேலே, அந்த நாற்பது நிமிடமும்
ஒரு ஃபிரேம் பிசகாமல் நிற்கிறது.
காலையில் இயக்குநர் அழுவார்.

மிச்சத் துண்டுக்கு ஒரு பெயர் கேட்கிறது கணினி.
‘உப்பு’ என்று அடித்துவிட்டு
சேமிக்காமல்
உட்கார்ந்திருக்கிறாள்.