ஏழே முக்கால் ரத்தோட்டை பஸ்

மாத்தளையில் தோற்றுவிட்டுத் திரும்புகிறோம்.
ஜன்னல் மூடவில்லை, உள்ளேயும் தூறல்.

"பின்னுக்கு முழுக்க ஓட்ட" என்றான் நவ்சாத்,
"சல்லடையில தூள் விழுற மாதிரி பந்து போகுது."

மருதமுத்து விடவில்லை:
"முன்னுக்கு நிக்கிறவனுங்க பந்தப் பறிகொடுத்தா
பேக் என்னா செய்றது? கோலுக்கு குறுக்கால படுக்கிறதா?"

"படுத்தா எழும்ப மாட்டாரு ஒங்க வேலாயுதன்.
நாப்பத்தொரு வயசு.
திரும்புறதுக்கே லொறி மாதிரி ரிவர்ஸ் எடுக்கிறாரு."

சிரித்தோம். நானும்.
போன வருஷம் கோட்டில் வைத்து அவர் தடுத்த ஒரு பந்துக்கு
அரைச் சம்பளத்தைப் பட்டாசாய்க் கொளுத்தியவன் நான்.

"சின்னவன் ஹேரத்தப் போடணும்."
"அவனுக்கு அவசரம். மொத மெட்ச்லயே பச்சைக் கார்ட்."
"பழைய ஆள் கத்துனாத்தான் மத்தவனுங்க எடத்துல நிப்பானுங்க."
"கத்துறதுக்கு ஸ்பீக்கர் வாங்கலாமே."

ஆஸ்பத்திரிச் சந்தியில் பஸ் நின்றது.
நனைந்த பை, துவாய் சுற்றிய ஸ்டிக்.
ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து
ஏறினார் வேலாயுதன்.

நவ்சாத்தான் எழும்பி இடம் கொடுத்தான்.

"முழங்கால் இல்லடா" என்றார், யாரும் கேட்காமலே.
"லைட் வெளிச்சத்துல பந்து ரெண்டாத் தெரியுது.
ரெண்டுல ஒன்னத் தடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

கொண்டக்டர் மிச்சக் காசு எண்ணுகிற சத்தம்.

அவர் இறங்கி மூன்று வளைவு போனபிறகு
மருதமுத்து மெதுவாகக் கேட்டான்:
"ஞாயித்துக்கெழம யாரு, ஹேரத்தா?"

கம்பியைப் பிடித்தபடி நின்ற நவ்சாத்
வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
"அது பகல் மெட்ச்தானே."